டப்பா மாறும் வீடு

என் மனைவி ரப்பர் பந்தை என் மேல் எறிந்தது அன்றைக்கு மூன்றாவது தடவை. குறி தப்பவில்லை. எறிந்தது இடது கை. வலது கைதான் இரண்டு மாதமாக எதற்கும் உதவாமல் மடியில் கிடந்தது.

“நூறு தடவை அமுக்கணுமாம். நான் என்ன மனுஷியா, பிழியற மெஷினா?” என்றாள்.

நான் பந்தைப் பொறுக்கி வந்து மறுபடியும் அவள் பக்கத்தில் வைத்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், பதில் பேசாமல் பொறுக்குவது.

அவள் கண்ணாடி டம்ளர் கழுவும்போது அது கைக்குள்ளேயே உடைந்துவிட்டது. நடு விரலையும் மோதிர விரலையும் மடக்குகிற தசைநார் இரண்டும் அறுந்துபோயின. ஆபரேஷன் செய்து தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மட்டும் மடங்குவேனா என்று விறைத்துக்கொண்டு நின்றன. பிசியோதெரபி அம்மாள் பூசி மெழுகுகிற ஆள் இல்லை.

“தைச்சவங்க அவங்க வேலையை முடிச்சுட்டாங்க. இனிமே உங்க வேலை. இந்த ஒரு மாசம் மடக்கி மடக்கிப் பழக்கலைன்னா உள்ளேயே ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் கத்தரிக்கோலை மறந்துட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி முடிதிருத்துபவள். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. ஆண், பெண், அலறுகிற குழந்தை எல்லாரும் வருவார்கள். அடுத்தவர் தலையோடு இரண்டு மணி நேரம் பொறுமையாக மல்லுக்கட்டுவாள். ஒரு ரப்பர் பந்தோடு இரண்டு நிமிஷம் முடியாது. கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் கட்டை விரல், இன்னொன்றில் மோதிர விரல். மோதிர விரல் இல்லாவிட்டால் கடை இல்லை. இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கடைச் சாவியைக் கொக்கியிலிருந்து எடுப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், மறுபடியும் மாட்டிவிடுவாள்.

மூன்றாவது தடவை பந்தை வைத்தபோதுதான் அவள் சொன்னாள். “படகு கேம் மட்டும் இருந்தா ஒரு மணி நேரம்கூட அமுக்குவேன்.”

அதற்கு நீளமாக ஒரு நிஜப் பெயர் உண்டு. எங்களுக்கு அது படகு கேம். டிவியில் ஆடுகிற வீடியோ கேம், இரண்டு பேர் சேர்ந்து ஆற்றில் ஒரு படகை ஓட்ட வேண்டும். ஒருவர் திருப்புவார், இன்னொருவர் கயிறு இழுப்பார். அக்கரைக்கு ஆள் ஏற்றி, மூட்டை ஏற்றி, ஆடு கோழி ஏற்றி இறக்க வேண்டும். சுடுவது கிடையாது, அடிதடி கிடையாது. அண்ணன் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்த காலத்தில் என் மனைவியும் அண்ணியும் அதில் ஊறிக் கிடப்பார்கள். அண்ணி திருப்புவார், இவள் கயிறு. கயிறு இழுக்கக் கன்ட்ரோலரின் பின்பக்கப் பட்டனை அமுக்கி அமுக்கி விட வேண்டும். உலகமே அதை ஆள்காட்டி விரலால் அமுக்கும். இவள் மட்டும் கத்தரிக்கோல் பிடித்த பழக்கத்தில் நடு விரலையும் மோதிர விரலையும் வைத்து அமுக்குவாள். நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிக் கேலி செய்வோம். இப்போது அந்தக் கோணல் பிடிதான் வேண்டியிருந்தது. பிசியோதெரபி அம்மாளிடம் போனில் கேட்டேன். “பட்டன் லேசா இருக்குமா? அப்ப தாராளமா. பத்து நிமிஷம் ஆடி, அஞ்சு நிமிஷம் ஓய்வு” என்றார்.

எனக்கு ஒரே உற்சாகம். “இவ்வளவுதானா? நம்மகிட்டயே இருக்கே. அஞ்சு நிமிஷம் குடு” என்றேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கேம் சிடிக்கு எதிரி. டப்பா, ரேக், தூசி, கீறல் எதுவும் ஆகாது. தனி வீடு வந்த கையோடு சிடி போடும் வாயே இல்லாத கேம் மெஷினாகப் பார்த்து வாங்கினேன். பத்தொன்பது கேம் டவுன்லோடு. அதில் படகு கேமும் ஒன்று, என் மனைவிக்காக வாங்கியது. ‘என் லைப்ரரி ஆகாயத்துல இருக்கு’ என்று கடையில் எல்லாரிடமும் பந்தா விட்டிருக்கிறேன். நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். நான் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவன்.

போன வருஷம் மின்சாரம் எகிறியதில் அந்த மெஷின் புகைந்து போனது. அதே மாதிரி இன்னொன்று வாங்கி, வேலை மும்முரத்தில் பெட்டியிலேயே வைத்திருந்தேன். இப்போது எடுத்து மாட்டினேன். அக்கவுண்ட் கேட்டது. கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். ‘நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டு எண் அனுப்பியிருக்கிறோம்’ என்றது. எந்த மின்னஞ்சல்? நான் முன்பு வேலை பார்த்த கடை கொடுத்தது. அந்தக் கடை மூடி இரண்டு வருஷம். சரி, போனுக்கு அனுப்பு என்றேன். அந்த நம்பரையும் மாற்றியாகிவிட்டது.

வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். ‘உங்கள் ஏமாற்றம் எங்களுக்கு முழுமையாகப் புரிகிறது’ என்று உடனே பதில் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு என்னென்னவோ புரிந்தது, எதுவும் நடக்கவில்லை. பத்தொன்பது கேம் வாங்கியிருக்கிறேன், என் பொருளை எனக்குத் தராவிட்டால் எப்படி என்று கேட்டேன். ‘நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதை விளையாடுவதற்கான அனுமதியை’ என்றார்கள். ஒருவருக்குக் கண்ணாடி செய்து கொடுத்துவிட்டு, ‘இது உங்க கண்ணாடி இல்லை சார், இது வழியா பார்க்கிறதுக்கு அனுமதி மட்டும்தான்’ என்று நான் சொன்னால், அதைக் கழற்றி என் மூஞ்சியிலேயே வீசிவிட்டுப் போவார்.

கோபத்தில் புது அக்கவுண்ட் தொடங்கி, படகு கேமைத் திரும்பவும் வாங்கிவிடலாம் என்று தேடினேன். ‘இந்தப் பொருள் இப்போது விற்பனையில் இல்லை.’ அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம். அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்தவன், மத்தியானம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டு அசடு வழிய எழுந்தேன்.

என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “மாமா வீட்டுல சிடி இருக்கு” என்றாள். மாமா என்றால் என் அண்ணன்.

“அண்ணிக்கு ஒரு போன் போடு. குடுத்து அனுப்பச் சொல்லு.”

“போன் போட்டா அக்கா இன்னிக்கே கொண்டு வந்து குடுத்துடுவாங்க. ஆனா நீங்கதான் போகணும்.”

“ஏன்?”

“கை என்னோடது. நான் சொல்ற மாதிரிதான்” என்றாள்.

அண்ணனும் நானும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். எங்கள் வீம்பு அவர்களைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூட அண்ணி மட்டும்தான் வந்தார். ‘அவருக்கு வேலை’ என்றார். நானும் மேலே கேட்கவில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்காகப் பழைய கேம் சிடிகளாகத் தேடித் தேடி வாங்கி வருவார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பந்து வருவதே தெரியாமல் மைதானத்தில் நின்ற பையன் நான். டிவியில் ஆடும் பந்தாட்டத்தில் என்னை யாரும் ஒதுக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதை அவர் சொன்னதில்லை. என்னை ‘சோடா’ என்று கூப்பிடுவார், டப்பாவைக் கையில் திணிப்பார், அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்தது நூற்றுப் பதினாறு.

என் மனைவியின் கடைக்குப் பக்கத்தில் வீடு பார்த்து நாங்கள் கிளம்பிய அன்று, அவர் இரண்டு அட்டைப்பெட்டிகளில் சிடிகளை அடுக்கிக்கொண்டு வந்தார். “பாதி உனக்கு” என்றார்.

“இந்தக் குப்பையை வெச்சு நான் என்ன பண்றது? எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே” என்றேன். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் முன்னால். அதோடு வாயை மூடியிருந்தால் தேவலை. என் முதல் சம்பளத்தில் வாங்கிய கார் ரேஸ் டப்பாவை ரேக்கிலிருந்து உருவினேன். “என் காசுல வாங்கினது இது ஒண்ணுதான். இதை மட்டும் எடுத்துக்கறேன்.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டிகளைத் திருப்பி உள்ளே எடுத்துப் போனார். கல்யாணத்துக்கு, காரியத்துக்கு எங்காவது எதிர்ப்பட்டால்கூட, ஒரே லிஃப்டில் நிற்கிற வெளியாட்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கதவைத் திறந்த அண்ணி ஒரு நொடி நின்றார். பிறகு என்னைவிட்டுவிட்டு என் பின்னால் பார்த்தார்.

“அவ வரலையா?”

“இல்லை அண்ணி, நான் மட்டும்தான்.”

“உள்ள வாங்க தம்பி. செருப்போட வேணும்னாலும் வாங்க, திரும்பிப் போயிடாதீங்க” என்றார்.

அண்ணன் ஹாலில் தரையில் உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய டூல்ஸ் பெட்டி. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஓர் இடம், ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஸ்பேனர். தலை நிமிரவில்லை.

“படகு கேம் சிடி வேணும்” என்றேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனிடம் பேசிய முதல் வாக்கியம். வெட்கமாகத்தான் இருந்தது. “அவளுக்குக் கை... விரல் மடக்கறதுக்கு.”

“ரேக்ல பாரு” என்றார் ஃபேனைப் பார்த்துக்கொண்டே.

பார்ப்பது அவ்வளவு லேசு இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு வியாதி உண்டு. மெஷினுக்குள் ஒரு சிடி இருக்கும். நாம் வேறொன்று ஆட வேண்டும். அது இருக்கிற டப்பாவைத் திறந்து எடுப்போம். மெஷின் பழைய சிடியைத் துப்பும். அதை எங்கே வைப்பது? கையில் எந்த டப்பா திறந்திருக்கிறதோ அதில்தான். எழுந்து போய் அதனுடைய சொந்த டப்பாவைத் தேடி வைக்கிற சுறுசுறுப்பு எங்கள் பரம்பரைக்கே கிடையாது. ஸ்பேனர் இடம் மாறினால் குதிக்கிற அண்ணனும் இதில் மட்டும் எங்கள் கட்சி. கல்யாணமாகி வந்த பெண்கள் இரண்டு பேரும் முதல் வாரம் தலையில் அடித்துக்கொண்டார்கள், இரண்டாம் வாரம் எங்களோடு சேர்ந்துவிட்டார்கள். ஆகவே எந்த டப்பாவிலும் அதன் சிடி இருக்காது. ஒன்று வேண்டுமென்றால், ‘நேத்து யார் என்ன ஆடினா, அதுக்கு அப்புறம் யார் எதைப் போட்டா’ என்று விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்கு விதிவிலக்கு. என் கார் ரேஸ் டப்பா. என் காசு ஆயிற்றே. அதில் வேறு சிடி வைத்தால் வீட்டை ரெண்டு பண்ணிவிடுவேன்.

படகு டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஃபுட்பால். ஃபுட்பால் டப்பாவில் செஸ். செஸ் டப்பாவில் ஏதோ பேய்க் கதை. அது அண்ணி பயந்து பாதியில் விட்டது. மேல் தட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் தூசி இல்லாமல் இருந்தன. எனக்கு ஜுரம் வந்தபோது அவர் வாங்கி வந்தது; பரீட்சையில் கோட்டைவிட்ட அன்று திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியது; அவர் கை விரல் நசுங்கி ஒரு வாரம் வீட்டிலிருந்தபோது நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடிக் காட்டியது. திறக்கத் திறக்க எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. இதையா குப்பை என்றேன்.

அண்ணி டீ கொண்டு வைத்தார். அது ஆறும்வரை தேடினேன். நூற்றுப் பதினாறு டப்பா. படகு இல்லை.

“இல்லையே” என்றேன்.

“கடைசியா அதை மெஷின்லேருந்து எடுத்தது யாரு?” என்றார் அண்ணன். இன்னும் ஃபேன்தான் அவருக்கு முக்கியம்.

உட்கார்ந்து யோசித்தேன். வீடு மாறுவதற்கு முதல் நாள். மத்தியானம் பெண்கள் இருவரும் படகு ஆடினார்கள். கடைசி ஆட்டம் என்று அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடினார். சாயங்காலம் நான் வந்தேன். கார் ரேஸ் ஆடலாம் என்று என் டப்பாவைத் திறந்து, என் சிடியை எடுத்தேன். மெஷின் படகைத் துப்பியது. அதை வாங்கி—

அங்கேயே என் யோசனை நின்றுவிட்டது. கையில் திறந்திருந்தது எந்த டப்பா? என்னுடையதுதான். அதற்குள் மட்டும் வேறு சிடி வரக்கூடாது என்று ஊரைக் கூட்டியவன், பெட்டி கட்டுகிற அலுப்பில் நானே வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் அதே டப்பாவைத்தான் ரேக்கிலிருந்து உருவி, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எடுத்துப் போனேன். நாலு வருஷமாக அது என் வீட்டுப் பரணில், ஒயர்களுக்கு நடுவில் கிடக்கிறது. புது மெஷினில்தான் சிடி போடும் வாயே கிடையாதே, நான் ஏன் திறக்கப் போகிறேன்.

“படகு என் வீட்டுலதான் இருக்கு” என்றேன். “அப்ப கார்?”

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். எழுந்து டிவிக்குக் கீழே இருந்த பழைய மெஷினின் பட்டனை அமுக்கினார். அது கொஞ்சம் முனகியது. பிறகு என் கார் ரேஸ் சிடியை வெளியே நீட்டியது.

“நீங்க போன அன்னிக்கு சாயங்காலம் மெஷினைப் போட்டேன். கார் ஓடுச்சு” என்றார். “அப்பவே தெரிஞ்சுது, அவன் டப்பாவுல படகு போயிருக்குன்னு. ரெண்டு நாள்ல திறந்து பார்ப்பே, ‘என் கார் எங்கே’ன்னு சண்டைக்கு வருவேன்னு நெனைச்சேன். சண்டைக்காவது வருவேன்னு.” அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “உன் மெஷின்ல வாயே கிடையாதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மெஷின் ரிப்பேர்னு சொன்னீங்க” என்றார்.

அண்ணன் வெளியே நீட்டியிருந்த சிடியைத் திரும்பவும் உள்ளே தள்ளினார்.

“நாலு வருஷமா நான் கேக்கறப்ப எல்லாம் ரிப்பேர்னு சொன்னீங்க. ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாம் ஓடுது, இந்த வீட்டு மெஷின் மட்டும் ரிப்பேரான்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“வேற சிடி போடணும்னா இதை வெளிய எடுக்கணும்ல” என்றார் அண்ணன். “எடுத்தா எதுல வெக்கிறது? இவன் டப்பா இவன்கிட்ட இருக்கு. வேறெதுலயாவது வெச்சா வீட்டை ரெண்டு பண்ணுவான்.”

ஒரு சிடியை வெளியே எடுக்க மனமில்லாமல் ஒரு மனுஷன் நாலு வருஷம் எந்த ஆட்டமும் ஆடாமல் இருந்திருக்கிறார். நான் என்னவோ கம்பெனிக்காரன் என் கேமைப் பூட்டிவிட்டான் என்று இரண்டு மணி நேரம் பொங்கினேன். என் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத லென்ஸைச் சட்டையில் துடைத்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு சௌகரியம்.

“அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது...”

“கை எப்படி இருக்கு அவளுக்கு?” என்றார் குறுக்கே.

“மடங்கலை. ஒரு மாசம்தான் கெடு. கடைச் சாவியைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறா.”

“ஆஸ்பத்திரிக்கு அவரும்தான் வந்தார்” என்றார் அண்ணி. “கீழ வேன்லயே மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்னிக்குச் சொல்லிட்டேன். எனக்கும் நாலு வருஷமா எல்லாத்தையும் வயித்துல வெச்சு வெச்சு அலுத்துப்போச்சு.”

அண்ணன் ஏற்கெனவே மெஷினின் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி என் கையில் கொடுத்தார். “டப்பா மட்டும் இருந்து என்ன பண்ணுவே? ஓட்டறதுக்கு வாய் வேணும்ல. பிடி சோடா. கீழ போட்டுடாதே.”

அந்தப் பெயரில் வேறு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நாலு வருஷமாக எனக்கு ஒரு பெயர் குறைந்திருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று பேரும் அவருடைய வேனில் வந்து இறங்கினோம். என் மனைவி கதவைத் திறந்து, முதலில் அண்ணியையும், பிறகு அண்ணனையும், பிறகு என் கையிலிருந்த மெஷினையும் பார்த்தாள். “ஒரு சிடி வாங்கிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்” என்றாள். ஆனால் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இவள் இதைத்தான் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள் என்பது என்னைப் போன்ற மரமண்டைக்கே புரிந்தது.

பரணிலிருந்து டப்பாவை எடுத்து வந்தேன். திறந்தேன். படகு. ஒரு கீறல் இல்லை. அண்ணன் மெஷினை மாட்டி, கார் சிடியை வெளியே எடுத்தார். நான் படகை உள்ளே விட்டேன். அவர் கையில் கார் சிடி, என் கையில் திறந்த டப்பா. வழக்கப்படி அதிலேயே வைத்தார். வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கார் டப்பாவில் கார்.

“நாம ஏதோ தப்புப் பண்றோம்டா” என்றார் அண்ணன்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகிறபோது எதற்கு வழிவிடுவது என்று தெரியாமல் இருமினேன்.

திரையில் ஆறு வந்தது. பழைய ஆட்டத்தைத் தொடரவா என்று கேட்டது. அண்ணி ‘ஆமாம்’ என்று அமுக்கினார். விட்ட இடத்திலேயே படகு கட்டிக் கிடந்தது. துறையில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கோழிக்கூடை.

“ஐயோ பாவம், நாலு வருஷமா நிக்கிறாங்க” என்றார் அண்ணி. “இழு.”

என் மனைவி கன்ட்ரோலரைப் பிடித்தாள், அதே கோணல் பிடி. யாரும் கேலி செய்யவில்லை. நடு விரல் பாதி மடங்கியது. மோதிர விரல் மடங்கவே இல்லை, வெறுமனே நடுங்கியது. கயிறு தளர்ந்தது, படகு சுற்றிக்கொண்டு கரையில் முட்டியது. கோழிக்கூடை ஆற்றில் போனது.

“பரவாயில்லை, கோழிதானே. திரும்ப இழு” என்றார் அண்ணி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பத்து நிமிஷம் ஆனதும் அண்ணன் டிவிக்குக் குறுக்கே போய் நின்றார். ஐந்து நிமிஷம் கழித்து விலகினார். நான்காவது ஓய்வு வரும்போது ஒரு மூட்டை பத்திரமாக அக்கரை போய்ச் சேர்ந்திருந்தது. ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் கிடந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

அதற்கப்புறம் அண்ணி தினமும் வந்தார். இரண்டு பஸ் மாறி வருவார். மெஷின் எங்கள் வீட்டிலேயே இருந்தது, ரேக் அங்கேயே இருந்தது. பிசியோதெரபி அம்மாள் வாரம் ஒருமுறை கோணமானி வைத்து விரலை அளப்பார். மூன்றாவது வாரம் நம்ப முடியாமல் இரண்டு தடவை அளந்தார். “வீட்டுல என்னதான் பண்றீங்க?” என்று கேட்டார். “ஆடு கோழி ஏத்தறோம்” என்றாள் என் மனைவி.

டவுன்லோடு கெட்டது, சிடி நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு கீறல் விழுந்தால் சிடியும் போச்சு, அண்ணனே சொல்வார். அந்தப் பத்தொன்பது கேமுக்காக இன்னும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுக்கும் இன்னும் புரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆகாயத்தில் இருந்த லைப்ரரி எனக்குக் கிடைத்திருந்தால் அன்றைக்கு ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். நான் அண்ணன் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன். பூட்டியவன் நன்றாக இருக்கட்டும்.

எட்டாவது வாரம் கடையைத் திறந்தோம். முதல் தலை யாருடையது என்று பெரிய போட்டி இல்லை. அண்ணன் தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “எனக்கு இருக்கிறதே நாலு முடி. தப்பா வெட்டினாலும் நஷ்டமில்லை” என்றார்.

என் மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். கட்டை விரலை நுழைத்தாள். மோதிர விரலை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் நின்றாள். விரல் மெல்ல மடங்கி உள்ளே போனது. முதல் வெட்டு விழுந்தது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள், நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அப்புறம் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. பவர் கூடிவிட்டது போலிருக்கிறது.

முக்கால் மணி நேரம் எடுத்தாள். இடது காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் கோணல். அண்ணன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இவ்வளவு அழகாக யாரும் வெட்டியதில்லை என்று ஒரே போடாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மெஷினைத் தூக்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். “இங்கேயே இருக்கட்டும். வேற கேம் வேணும்னா நீ வந்து எடுத்துக்க. ரேக் எங்கேயும் போயிடாது.”

பிறகு டிவிக்குப் பக்கத்தில் இருந்த கார் ரேஸ் டப்பாவை எடுத்தார். திறந்து, உள்ளே காரே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு மூடினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

“உன் காசுல வாங்கினது இது ஒண்ணுதானே” என்றார். “இதை மட்டும் எடுத்துக்கறேன்.”